சிப்பின் வேகம் இரட்டிக்கும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். வீட்டில் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஐ5 சிப், 4 ஜிபி றாம், ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லப்டொப். திறக்கவே நெடுநேரம் எடுக்கிறது. சிப்பின் வேகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகுமாம், பொறுத்து வாங்கலாம் என்கிறான் இளைய மகன். என்ன செய்ய? (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: பொறுக்கத் தேவையில்லை, அம்மா. மகன் கேள்விப்பட்டது, பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965இல் சொன்ன கணக்கு. ஒரு சிப்பில் அடங்கும் ட்ரான்சிஸ்டர்களின் (மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்சுகளின்) எண்ணிக்கை வருடாவருடம் இரட்டிக்கும் என்றார்; 1975இல் அதை இரண்டு வருடமாகத் திருத்தினார். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் இருந்தவை சுமார் 2,300 ட்ரான்சிஸ்டர்கள். 2020இல் வந்த ஆப்பிள் எம்1இல் 1,600 கோடி. எண்ணிக்கையில் அவர் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை.

வேகத்தின் கதை வேறு. ட்ரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் குறைந்துவந்தது. அதனால் சூட்டைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே வேகத்தை ஏற்ற முடிந்தது. 4004 ஓடியது 740 கிலோஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 7,40,000 துடிப்பு. 2004இல் பென்டியம் 4, 3.8 கிகாஹேர்ட்ஸை, அதாவது செக்கனுக்கு 380 கோடி துடிப்பைத் தொட்டது. ஐயாயிரம் மடங்குக்கு மேல்! அந்த ஓட்டம் அத்தோடு சரி. மின்னழுத்தத்தை இன்னும் குறைத்தால் ட்ரான்சிஸ்டர் முழுதாக அணையாமல் மின்னோட்டம் கசியும்; குறைக்காமல் வேகத்தை ஏற்றினால் சூடு தாங்காது. இருபது வருடம் கழித்தும் மிக வேகமான லப்டொப் சிப்கள் 6 கிகாஹேர்ட்ஸைத் தாண்டவில்லை. கூடிய ட்ரான்சிஸ்டர்கள் கூடுதல் கோர்களாகவும் (கணக்குப் போடும் பகுதிகள்) சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமாகவும் கிராஃபிக்ஸ் பகுதிகளாகவும் போயிருக்கின்றன. விளம்பரத்தில் வரும் '3 நானோமீட்டர்' என்பதும் தயாரிப்புத் தலைமுறையின் பெயர்தான்; ட்ரான்சிஸ்டரை அளந்து வைத்த பெயர் அல்ல.

ஒரு வருடம் பொறுத்தால் கிடைப்பது சிறு முன்னேற்றம். அதற்காகப் பிள்ளையின் முதல் வருடத்தை வீணாக்காதீர்கள்.

பழையதைக் கழிக்கமுன் ஒன்று செய்து பாருங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். லப்டொப் இழுபடும் நேரத்தில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நிற்க, 'சிபியூ' (அதாவது சிப்) 10, 15 என்று கிடந்தால், சிப் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டு, றாமை 8 ஜிபி ஆக்கினால் ஆளே மாறிவிடும். அப்படியே ஃபானையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுதி அதில் படையாக ஒட்டிக்கொள்ளும்; வெக்கை வெளியேறாவிட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஐந்தாம் தலைமுறைச் சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் பழையதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு மகனிடம் கொடுங்கள். வரைபட மென்பொருள்களோடு வேலை செய்யப்போகும் மகளுக்குப் புதிது வாங்குங்கள். இந்த வருடச் சிப்தான் வேண்டும் என்றில்லை. போன தலைமுறை மலிவாக வந்தால் அதை எடுத்து, மிச்சக் காசில் 16 ஜிபி றாம் உள்ளதாகப் பாருங்கள். மெல்லிய லப்டொப்கள் சிலவற்றில் றாம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. காசு கொடுக்கமுன் கடையில் இதைக் கேட்டுவிடுங்கள்.