டம்ளர் விளிம்பில் ஒரு கேள்வி

கேள்வி: மயிலாடுதுறையில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க வேண்டும். அவளுக்குக் காபி என்றால் உயிர். பித்தளை டபரா செட்டில், பார்த்தால் பூவேலை போலத் தெரியும்படி மோர்ஸ் குறியில் (ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியும் கோடுமாகக் காட்டும் தந்திக் குறி) கேள்வியைப் பொறித்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ் மோர்ஸிலேயே செய்து தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார், அதற்குத் தனிக் காசாம். கொடுக்கலாமா?

பதில் (தந்தித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

கொடுக்காதீர்கள் தம்பி. சர்வதேசப் பட்டியலில் தமிழ் எழுத்துக்கு மோர்ஸ் குறி கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறிக்கு 2004இல் இடம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் தலைக்கோடு போட்ட ‘இ’க்கும் இடம் உண்டு. நமக்குத்தான் இல்லை. நம் ஊரில் தந்தியையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள், இனி யாரிடம் போய்க் கேட்பது? ஏஜென்ட் காட்டுவது யாரோ சொந்தமாகப் போட்ட பட்டியலாக இருக்கும். அதை வைத்துப் பொறித்தால் அந்தப் பெண் எந்த ஆப்பில் போட்டாலும் உங்கள் கேள்வி வராது.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘கட்டிக்கலாமா’ போதும். கே, ஏ, டி, டி, ஐ, கே, ஏ, எல், ஏ, எம், ஏ என்று 11 எழுத்து:

–·– / ·– / – / – / ·· / –·– / ·– / ·–·· / ·– / –– / ·–

கோட்டின் நீளம் மூன்று புள்ளி. ஒரே எழுத்துக்குள் இடைவெளி ஒரு புள்ளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று புள்ளி. சாய்கோடு உங்களுக்குப் புரிவதற்காகப் போட்டது, அதைப் பொறிக்கக் கூடாது. மொத்தம் 93 புள்ளி அளவு. புள்ளிக்கு 2 மி.மீ. என்றால் 186 மி.மீ. வாய் 7 செ.மீ. அகலமுள்ள டம்ளரின் சுற்றளவு 22 செ.மீ., தாராளமாக அடங்கும். ‘வில் யூ மேரி மீ’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் 159 புள்ளி வரும், டம்ளரைச் சுற்றி ஒன்றரைச் சுற்று ஓடும். விட்டுவிடுங்கள்.

டிசைன் போடுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். அழகாக இருக்கட்டும் என்று எல்லா இடைவெளியையும் சமமாக்கிவிடுவார்கள். என் அண்ணன் மகன் இணையத்தில் வாங்கிய சாவிக்கொத்தில் ‘மீ’ இருக்க வேண்டிய இடத்தில் எம்மும் இ-யும் ஒட்டிப்போய் ‘ஜி’ ஆகியிருந்தது. பேர் பொறித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். உங்கள் வாசகத்தில் இரண்டு டி-யும் ஒட்டினால் எம்.

இதைவிடப் பெரிய வம்பு டம்ளர் வட்டமாக இருப்பது. வட்டத்துக்குத் தொடக்கம் ஏது? போதாததற்கு நம் வீடுகளில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துத்தான் வைப்போம். எழுத்தாக இருந்தால் தலைகீழ் என்று பார்த்ததுமே தெரியும். புள்ளிக்கும் கோட்டுக்கும் தலையும் இல்லை, காலும் இல்லை. கவிழ்ந்த டம்ளரில் வரிசையே பின்னாலிருந்து ஓடும். கே, டி, ஐ, எம் தப்பித்துவிடும், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அவை ஒன்றுதான். ஆனால் ஏ எல்லாம் என் ஆகிவிடும், எல் போய் எஃப் வரும். ‘என் எம் என் எஃப் என் கே’ என்று படித்துவிட்டு அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? முடிவில் கேள்விக்குறி போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்காதீர்கள். மோர்ஸில் அது ··––··, அதையும் எப்படிக் கவிழ்த்தாலும் ஒன்றுதான்.

அதனால் ஆரம்பத்தில் ஒரு பிள்ளையார் சுழி போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் கீழ் உண்டு, எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும், யாருக்கும் சந்தேகமும் வராது. பிள்ளையார் வேண்டாத வீடென்றால் ஒரு சின்ன மாங்காய், நுனி படிக்கும் திசையைப் பார்த்தபடி.

ஏஜென்ட் எதற்கு? எப்படியும் அவர் ஏதாவது ஒரு பாத்திரக் கடையில்தான் கொடுத்து வாங்கப்போகிறார். நீங்களே கும்பகோணத்துக்குப் போய், சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிறவரிடம் உட்காருங்கள். வெளிப்பக்கம், வாய் வைக்கும் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டட்டும். உள்ளே வெட்டினால் ஈயப்பூச்சு போய்விடும். கொஞ்சம் ஆழமாகவே வெட்டச் சொல்லுங்கள், புளி போட்டுத் தேய்க்கிற பாத்திரம்.

போகும் முன் வாசகத்தை ஒரு காகிதப் பட்டையில் அளவோடு வரைந்து டம்ளரைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். அப்புறம் மோர்ஸ் தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, போனில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அந்தப் பெண்ணும் தடுமாறுவாள். வெட்டி முடித்ததும் கடையிலேயே எண்ணுங்கள்: 11 புள்ளி, 13 கோடு. ஒன்று குறைந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள்.