லாபம் வந்தும் என் கேபிடல் கணக்கு குறைந்தது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: கோத்தகிரியில் மூன்று பேர் கூட்டாக டீத்தூள், நீலகிரித் தைலக் கடை. நீங்கள் 6 லட்சம், மச்சான் 4 லட்சம், கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் நண்பர் 2 லட்சம். லாபம் சரிபங்கு. 2025-26இல் 4,84,800 ரூபாய் லாபம். ஆனால் உங்கள் பேரில் இருந்த 6,00,000 மார்ச் 31 அன்று 4,50,480 ஆகிவிட்டது, மற்ற இருவருக்கும் ஏறியிருக்கிறது. ஆடிட்டர் தப்பாகப் போட்டுவிட்டாரா?

தப்பில்லை. கேபிடல் கணக்கு என்பது கடை உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. உங்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் வரவில் ஏறும், நீங்கள் எடுத்ததெல்லாம் பற்றில் விழும். நீங்கள் சம்பாதித்ததைவிட அதிகம் எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் டீடில், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில், உள்ளபடி (போட்ட முதலுக்கு, அதாவது கேபிடலுக்கு, 12% வட்டி, எடுப்புக்கு 12% வட்டி, நண்பருக்கு மாதம் 15,000 சம்பளம்) வரி வரியாகப் பார்ப்போம்.

முதலில் எடுப்பு, அதாவது டிராயிங்ஸ். மாதம் பிறந்ததும் 20,000 வீதம் 2,40,000 எடுத்திருக்கிறீர்கள். ஏப்ரலில் எடுத்த பணம் 12 மாதமும் மார்ச்சில் எடுத்தது 1 மாதமும் உங்களிடம் இருந்ததால், சராசரி ஆறரை மாதம். 2,40,000க்கு 12% வட்டியில் ஆறரை மாதத்துக்கு 15,600. இதையே மாதக் கடைசியில் எடுத்திருந்தால் சராசரி ஐந்தரை மாதம், வட்டி 13,200தான். மச்சான் அக்டோபர் 1 அன்று ஒரே தடவை 60,000 எடுத்தார். ஆறு மாதத்துக்கு 3,600.

அடுத்து பகிர்வுக் கணக்கு, அதாவது லாபத்தைக் கூட்டாளிகளுக்குப் பிரிக்கும் கணக்கு. லாபம் 4,84,800உடன் எடுப்பு வட்டி 19,200 சேர்ந்தால் 5,04,000. இதிலிருந்து முதலுக்கான வட்டி 1,44,000 (உங்களுக்கு 72,000, மச்சானுக்கு 48,000, நண்பருக்கு 24,000), நண்பரின் சம்பளம் 1,80,000 போக மீதி 1,80,000. பலர் உடனே மூன்றாக வகுத்து ஆளுக்கு 60,000 என்று எழுதிவிடுகிறார்கள். கடை கட்ட வேண்டிய வருமான வரியை மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. கூட்டு நிறுவனத்துக்கு 30% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் உண்டு, 1,80,000க்கு 56,160. மிஞ்சுவது 1,23,840, ஆளுக்கு 41,280. இந்தப் பங்குக்கு உங்கள் சொந்தக் கணக்கில் மறுபடி வரி கிடையாது. வட்டிக்கும் சம்பளத்துக்கும் உண்டு.

கடைசியாக, பலருக்கு இன்னும் பழகாத ஒரு விஷயம். 2025 ஏப்ரல் 1 முதல், கூட்டாளிக்குத் தரும் வட்டி, சம்பளம், கமிஷன் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000ஐத் தாண்டினால் கடை 10% டிடிஎஸ் (தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். பணமாகத் தராமல் கேபிடல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு. உங்கள் 72,000க்கு 7,200; ரிட்டர்ன் போடும்போது அது உங்கள் வரியில் கழியும்.

ஆக, 6,00,000 + 72,000 + 41,280 − 2,40,000 − 15,600 − 7,200 = 4,50,480. மச்சானுக்கு இதே வழியில் 4,20,880. நண்பர் சம்பளத்தை மாதாமாதம் முழுதாக எடுத்துக்கொண்டதால் அது வரவிலும் பற்றிலும் சரியாகிவிட்டது. 20,400 டிடிஎஸ் போக அவருக்கு 2,44,880.

இனிமேல் கவனிக்க வேண்டியது அடுத்த வருட வட்டி. முதல், எடுப்பு, லாபம் எல்லாம் ஒரே கணக்கில் ஓடினால் அது 'மாறுபடும் முதல்' என்ற முறை. அப்படி வைத்தால் 2026-27இல் உங்கள் வட்டி 4,50,480க்குத்தான்: சுமார் 54,000. நிலைமுதல் முறையில் 6,00,000 அப்படியே நிற்கும், மற்ற வரவு செலவெல்லாம் தனி நடப்புக் கணக்கில் போகும். அங்கே உங்கள் பேரில் 1,49,520 பற்று நிற்கும், வட்டியோ 72,000 தொடரும். உங்களுக்கு லாபம், மச்சானுக்குக் கோபம். அதனால் நிலைமுதல் முறைக்கு மாறினால், நடப்புக் கணக்கில் பற்று நின்றால் அதற்கும் வட்டி உண்டு என்று டீடில் எழுதிவிடுங்கள். குடும்பத்துக்குள் நடக்கும் கூட்டுக்கு இரண்டு கணக்காக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. யார் எவ்வளவு அதிகம் எடுத்தார் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

டீடே இல்லாதவர்கள் கவனத்துக்கு: 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி முதலுக்கு வட்டியில்லை, யாருக்கும் சம்பளமில்லை, எடுப்புக்கும் வட்டியில்லை, யார் எவ்வளவு போட்டாலும் லாபம் சமபங்கு. டீடில் இல்லாத வட்டியையும் சம்பளத்தையும் வருமான வரியிலும் செலவாகக் கழிக்க முடியாது. டீடில் இருந்தாலும் 12% சாதாரண வட்டி வரைதான் கழியும். சம்பளம் உழைக்கும் கூட்டாளிக்கு மட்டும், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

லாபம் குறைந்த வருடத்தில் முதலுக்கான வட்டியை முழுதாக எழுதி நட்டம் காட்டக் கூடாது. டீடில் வேறு விதமாக இல்லாவிட்டால், லாபம் இருக்கிற வரைக்கும்தான் அந்த வட்டி. எல்லாச் செலவும் போக 72,000தான் மிஞ்சியது என்றால், அவரவர் வட்டித் தொகையின் விகிதத்தில் 36,000, 24,000, 12,000 என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

மே சீசனுக்கு முன் சரக்கு எடுக்கக் கைமாற்றாக ஒரு லட்சம் தந்தேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைக் கேபிடலில் சேர்க்க விடாதீர்கள், உங்கள் பேரில் தனிக் கடன் கணக்கு போடச் சொல்லுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதற்குச் சட்டப்படி 6% வட்டி, நட்டமான வருடத்திலும் உண்டு. கடையைக் கலைத்தால் வெளிக்கடன் தீர்ந்ததும் இந்தக் கடன், அதன் பிறகுதான் போட்ட முதல்.

கடை நடக்கும் கட்டடம் மச்சானுடையது என்பதால் அதையும் அவர் முதலாகக் காட்டலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: வேண்டாம். முதலாகக் கொண்டுவந்தால் அது கூட்டுச் சொத்தாகிவிடும். பிரியும்போது அவருக்குச் சேர வேண்டியது பணம்தான், கட்டடம் திரும்பும் என்று உறுதியில்லை. புத்தகத்தில் எழுதிய மதிப்பையே விற்ற விலையாகக் கொண்டு அவர் கையில் மூலதன ஆதாய வரியும் வரும். வாடகை ஒப்பந்தம் போட்டு மாத வாடகையைக் கடைச் செலவாக எழுதுங்கள். கேபிடல் கணக்குகள் மூன்றையும் அது நேரடியாகத் தொடாது.