கீமோ எடுத்துக்கொண்டே சின்னக் குழந்தையை எப்படிச் சமாளிப்பது? அவளிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?

மார்பகப் புற்றுநோய்க்காக நான் கீமோ எடுத்தபோது என் மகனுக்கு நான்கு வயது. உங்கள் மகளுக்கு மூன்றரை வயது, முதல் கீமோ அடுத்த வாரம், அவளுக்குத் தெரியாமலேயே இதைக் கடந்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நோயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டில் எல்லோர் முகமும் மாறியிருப்பது உடனே தெரிந்துவிடும். ஏன் என்று யாரும் சொல்லாவிட்டால் அந்த வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். 'நான் அடம்பிடித்தேன், அதனால்தான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு' என்பதுதான் பெரும்பாலும் அந்தக் காரணம்.

நான் படுக்கையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மாவுக்கு இங்க ஒரு கட்டி இருக்கு. அதுக்குப் புற்றுநோய்னு பேரு. நீ எதுவும் செஞ்சதால வரல. உனக்கு ஒட்டாது. அது போறதுக்குக் கொடுக்குற மருந்து ரொம்ப பலமானது, அதனால கொஞ்ச நாள் அம்மா படுத்தே இருப்பேன், முடி கொட்டும், அப்புறம் வளரும்." அவன் கட்டி எங்கே என்று தொட்டுப் பார்த்தான். "நாளைக்கு யாரு என்னைக் கூப்பிட வருவாங்க?" என்று கேட்டான். அவனுக்கு அதுதான் பெரிய கேள்வி. பதில் கிடைத்ததும் விளையாடப் போய்விட்டான்.

நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். வெறுமனே 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவைத்தால், நாளைக்குத் தனக்கே சளி பிடிக்கும்போது தன் முடியும் கொட்டிவிடும் என்று பயப்படுவாள். ஒரு நாள் 'நீ செத்துப்போயிடுவியா?' என்றும் கேட்கலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்யாதீர்கள். 'சரியாகணும்னுதான் டாக்டர் மருந்து கொடுக்கறாங்க, ஏதாவது மாறினா உங்கிட்ட கண்டிப்பா சொல்வேன்' என்று நான் சொன்னேன். அதையே பல முறை கேட்டான், நானும் பல முறை அதையே சொன்னேன்.

முடி எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டுமென்றால் பெரும்பாலும் முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே கட்டையாக வெட்டிக்கொண்டால், ஒரே இரவில் அம்மா வேறு ஆளாக மாறிய அதிர்ச்சி அவளுக்கு இருக்காது. வெட்டும்போது பக்கத்தில் இருப்பதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

அடுத்து, கீமோவின் நாள் கணக்கு. நிறையப் பேருக்கு இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். முதல் சில நாள் குமட்டலும் அசதியும் ஆளைச் சாய்த்துவிடும். அப்புறம் கொஞ்சம் தெம்பு வரும். கவனமாக இருக்க வேண்டியது அப்போதுதான், ஏனென்றால் மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள்தான் பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். பார்க்க நன்றாக இருப்பீர்கள், எதிர்ப்புச் சக்தி இருக்காது. குழந்தைகள் கூட்டமாகக் கூடும் இடங்களுக்கு அந்த நாட்களில் போகாதீர்கள். மகளுக்கு மூக்கு ஒழுகினால் அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு ஒருவர் எடுக்கட்டும். வெளியே போய்விட்டு வந்தால் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவள் உட்பட.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அவர்களைக் கேட்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். நடுராத்திரியில் நீங்கள் கிளம்ப வேண்டி வந்தால் மகளுடன் யார் இருப்பார்கள் என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். கூப்பிட்ட உடனே வரக்கூடிய ஒரு ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒரு இரவு வந்தது. யார் வருவார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் என் மகன் அழவில்லை.

கட்டிப்பிடிக்கலாமா என்று தயங்கவே வேண்டாம். தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள். மருந்து சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும், அதில்தான் எச்சரிக்கை தேவை. பொதுவாக 48 மணி நேரம் என்பார்கள், சில மருந்துகளுக்கு அதற்கு மேலும் ஆகும், நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை டாய்லெட் கோப்பையின் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். வாந்திப் பாத்திரத்தின் பக்கம் குழந்தையை விடாதீர்கள். அவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள் என்றால் முதல் கீமோவுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும்.

அவளுடைய டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவர் கீமோவில் இருக்கும்போது குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது, ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். மற்ற தடுப்பூசிகளை அவர் பார்த்துச் சொல்வார், நீங்களாக எதையும் தள்ளிப்போடாதீர்கள். அவளுக்கோ அவளுடன் விளையாடும் பிள்ளைக்கோ அம்மை போட்டால் அன்றைக்கே உங்கள் கேன்சர் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்னக் கருவி வைத்தாலோ கையில் குழாய் இருந்தாலோ அவளைத் தூக்குவது சிரமம். நான் தரையில் உட்கார்ந்துகொள்வேன், அவனே வந்து மடியில் ஏறிக்கொள்வான். போர்ட் இல்லாத பக்கத்தில் சாய வேண்டும் என்று ஒரு தடவை காட்டிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டான். பிறகு பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து தொடங்கியபோது என் விரல் நுனி மரத்துப்போனது. அவன் சட்டைப் பட்டன் துளைக்குள் போனதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் போட முடிந்தது. பட்டன் இல்லாத சட்டைக்கு மாறிவிட்டோம். மரத்துப்போனால் சும்மா பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள்.

உதவிக்கு வருபவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு உங்களை 'ரெஸ்ட் எடு' என்பார்கள். அந்த ஓய்வில் நாம் போய்ப் பாத்திரம் தேய்ப்போம். இது தலைகீழ் என்பது என் உறுதியான எண்ணம். சமையல், துணி, வீடு எல்லாவற்றையும் அவர்களிடம் விடுங்கள். நாளில் ஏதாவது ஒரு நேரம் மட்டும் உங்கள் இருவருக்கும் என்று இருக்கட்டும். எங்களுக்கு அது தூங்கப் போகும் நேரம். கதை சொல்லத் தெம்பில்லாத நாளில் அவன் படங்களைப் பார்த்து எனக்குக் கதை சொல்வான், நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் மறுபடி படுக்கையை நனைக்கலாம், விரல் சூப்பலாம், உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். திட்டாதீர்கள், பள்ளியில் டீச்சரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள். என் மகனுக்கு இதெல்லாம் சிகிச்சையின்போது வரவேயில்லை. கீமோ முடிந்து எனக்கு முடி முளைக்கத் தொடங்கிய பிறகுதான் எதற்கெடுத்தாலும் அழுதான், கோபப்பட்டான். எனக்கும் அசதி மாதக்கணக்கில் போகவில்லை. அதனால் கீமோ முடிந்த அன்றே உதவிக்கு இருப்பவர்களை அனுப்பிவிடாதீர்கள், இன்னும் சில மாதங்கள் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.