வாசகர் கேள்வி பதில்: ஐனோ என்றொரு பெண்

போன இதழில், பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் தன் வீட்டுக்கு மனைவியின் பெயரை வைத்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பெயரைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க ஐனோவுக்கு.

கே: ஐனோ என்பது ஆண் பெயர் மாதிரி அல்லவா ஒலிக்கிறது? என்ன பொருள்? (ஈரோடு)

இத்தாலி, ஸ்பெயின் பெயர்களைக் கேட்டுப் பழகிய காது அப்படித்தான் சொல்லும். மரியோ ஆண், மரியா பெண் என்ற கணக்கு பின்லாந்தில் செல்லாது, ஃபின்னிஷ் மொழியில் இலக்கணப் பாலே கிடையாது, அவன் அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் உச்சரிப்பில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐனோ பெண், எய்னோ ஆண். கவிஞர் எய்னோ லெய்னோவைப் பற்றிப் பேசும்போது நாக்கு தவறி ஐனோ என்று சொல்லிவிட்டால் ஹெல்சிங்கியில் சிரித்துவிடுவார்கள்.

பொருள் 'ஒரே' என்பது. ஒரே மகள், ஒரே தங்கை என்கிறோமே, அந்த ஒரே. நாட்டுப்பாடல்களில் 'ஐனோ' பெயராகவே வரவில்லை, அடைமொழியாகத்தான் வந்தது. பாட்டில் வரும் பெண்ணுக்கு அன்னி என்றோ வேறு எதுவோ பெயர் இருக்கும், கூடவே 'ஒரே பெண்' என்ற ஒட்டு வரும். அந்த ஒட்டை எடுத்துப் பெரிய எழுத்துப் போட்டுப் பெயராக்கியவர் எலியாஸ் லொன்ரோட். கஜானி என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்தவர், கரேலியப் பகுதியில் கிராமம் கிராமமாக அலைந்து பாட்டு சேகரித்து, அவற்றைக் கோத்து 'கலேவலா' என்ற காவியமாக 1835-இல் வெளியிட்டார். 1849-இல் அதை விரித்து 50 பாடல்கள், 22,795 வரிகள் என்று மறுபடி கொண்டுவந்தார். இன்று எல்லோரும் படிப்பது இதைத்தான். ஆகவே ஐனோ பழங்காலப் பெயர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 200 வயதுகூட ஆகாத பெயர்.

கே: ஜப்பானின் ஐனு மக்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (சிவகாசி)

இல்லை. ஐனு என்றால் அவர்கள் மொழியில் மனிதன். ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான்.

கே: கலேவலாவில் ஐனோ கிழவனைக் கட்டிக்கொள்ள மறுத்துத் தண்ணீரில் போய்விடுகிறாள் என்று படித்தேன். அப்படிச் செத்துப்போன பெண்ணின் பெயரை யாராவது குழந்தைக்கு வைப்பார்களா? (நாகர்கோவில்)

வந்த கடிதங்களில் சரியான கேள்வி இதுதான். கதையைத் தெரியாதவர்களுக்காக முதலில் கதை.

யோகஹைனன் என்ற துடுக்கான இளைஞன், வயதில் மூத்த பெரும்பாடகன் வைனமொய்னனோடு பாட்டுப் போட்டிக்குப் போகிறான். கிழவர் பாடப் பாட இவன் சதுப்பில் புதைகிறான், இடுப்பு வரை, அப்புறம் கழுத்து வரை. வில் தருகிறேன், படகு தருகிறேன், குதிரை தருகிறேன் என்று கெஞ்சிப் பார்க்கிறான், அவர் மசியவில்லை. கடைசியில் என் தங்கை ஐனோவை உனக்குத் தருகிறேன் என்றதும் பாட்டைத் திருப்பிப் பாடி விட்டுவிடுகிறார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து சொன்னால், அம்மா கையைத் தட்டிச் சந்தோஷப்படுகிறாள்! இப்படி ஒரு மருமகன் கிடைக்க மாட்டானா என்று அவள் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தாளாம்.

பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு இலைக்கட்டு ஒடிக்கத் தோப்புக்குப் போகிறாள், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. அங்கே கிழவர் வந்து நின்று, இனிமேல் எனக்காக மட்டும் மணி அணி, எனக்காக மட்டும் தலை பின்னிக்கொள் என்கிறார். அவள் கழுத்துமணியையும் மோதிரத்தையும் பிய்த்தெறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறாள். அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? ஒரு வருஷம் வெண்ணெய் சாப்பிடு, அடுத்த வருஷம் பன்றிக்கறி சாப்பிடு, உடம்பு பூரிக்கும், மேட்டில் இருக்கிற கொட்டிலைத் திறந்து நல்ல பாவாடைகளை எடுத்துக் கட்டிக்கொள் என்கிறாள். பெண் அழுதால் புதுத்துணி எடுத்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணுகிற அம்மாவை எனக்கு எங்கோ பார்த்த மாதிரிதான் இருக்கிறது. ஐனோ அந்த உடைகளை எல்லாம் உடுத்திக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பாமல், காடு மேடெல்லாம் நடந்து கடற்கரைக்கு வருகிறாள், தண்ணீரில் தெரிந்த பாறைமேல் போய் உட்காருகிறாள், பாறை அவளோடு அமிழ்ந்துவிடுகிறது. வீட்டுக்குச் சேதி சொல்லிப் போவது ஒரு முயல். அதற்குப் பிறகு அம்மா அழுகிற அழுகையில் மூன்று ஆறு பிறக்கிறது, ஒவ்வொரு ஆற்றிலும் மூன்று நீர்வீழ்ச்சி. விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மற்ற அம்மாக்களுக்கு அவள் சொல்கிற இடம் கலேவலாவிலேயே உருக்கமான இடங்களில் ஒன்று.

லொன்ரோட்டுக்கு மூலமாக இருந்த நாட்டுப்பாடலில் பெண் அந்தக் கொட்டிலுக்குள் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். அதை அவர்தான் தண்ணீருக்கு மாற்றினார். விழுந்தாளா, தானே போனாளா என்பதையும் மங்கலாக விட்டார், அடுத்த பாடலில் அவளை மீனாக்கிக் கிழவரின் தூண்டிலில் சிக்கவும் வைத்தார். அவர் அறுக்கக் கத்தியை எடுக்கும்போது துள்ளித் தண்ணீருக்குள் போய், உனக்குத் துணையாக வந்தேன், அடையாளம் தெரியவில்லையே உனக்கு என்று கேலி செய்துவிட்டு மறைகிறாள். என்னைக் கேட்டால் பெயர் நிலைத்ததற்கு இந்த மீனும் ஒரு காரணம்.

சரி, பெயர் வைத்தவர்களுக்கு வருவோம். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது, படித்தவர்களும் அதிகாரிகளும் பேசியது சுவீடிஷ். ஃபின்னிஷ் பண்ணைவீட்டு மொழி. 1863-இல்தான் அதற்கு அலுவல் மொழித் தகுதி தரும் அரசாணையே வந்தது. அந்தச் சூழலில் ஃபின்னிஷ் இயக்கக்காரர்கள் பிள்ளைகளுக்குப் புனிதர் பெயரும் சுவீடிஷ் பெயரும் வேண்டாம், நம் மொழிப் பெயர் வைப்போம் என்று கிளம்பினார்கள், கையில் இருந்த புத்தகம் கலேவலா. பிறந்த வருஷங்களைப் பார்த்தாலே தெரியும்: சிபேலியஸின் மனைவி 1871, பாடகி ஐனோ அக்தே 1876, எழுத்தாளர் ஐனோ கல்லாஸ் 1878. கல்லாஸின் அப்பா யூலியுஸ் குரோன் கலேவலாவையே ஆராய்ந்த அறிஞர், குடும்பமோ ஜெர்மானிய வழி வந்தது. அவர் மகளுக்கு ஐனோ என்று வைத்ததை மொழிக்காகப் போட்ட கையெழுத்தாகத்தான் நான் பார்க்கிறேன். கதையின் முடிவை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒலியும் மொழியும் போதுமாக இருந்தது.

கே: நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஐனோக்கள் யார் யார்? (புதுச்சேரி)

வீட்டுக்குப் பெயர் கொடுத்தவரிலிருந்து தொடங்கலாம். ஐனோ யார்னெஃபெல்ட், ஃபின்னிஷ் மொழிக்காக நின்ற குடும்பத்துப் பெண், சுவீடிஷ் பேசி வளர்ந்த சிபேலியஸைக் கட்டினார். 1904-இல் துசுலா ஏரிக்கு அருகே குடிபோன வீடு ஐனோலா. 'லா' என்றால் இருப்பிடம், கலேவலாவின் கடைசியில் இருப்பதும் அதே 'லா'தான், கலேவனின் நாடு. காய்கறித் தோட்டமும் ஆப்பிள் மரங்களும் ஐனோவின் கைவேலை. சிபேலியஸ் 1957-இல் இறந்தார், ஐனோ 1969-இல், இருவருக்கும் அந்தத் தோட்டத்திலேயே கல்லறை. 1974 முதல் வீடு அருங்காட்சியகம்.

ஐனோ அக்தே பாரிஸ் ஓபராவிலும் நியூயார்க் மெட்ரோபாலிடனிலும் பாடியவர். 1912-இல் சவொன்லின்னா ஊரின் பழைய கோட்டைக்குள் ஓபரா விழாவைத் தொடங்கி வைத்ததும் இவர்தான், இன்றும் கோடையில் அங்கே கூட்டம் அம்முகிறது. கலேவலாவின் படைப்புப் பாடலை வைத்து 1913-இல் சிபேலியஸ் எழுதிய 'லுவொன்னொதார்' இவர் குரலுக்காக எழுதப்பட்டது.

ஐனோ ஆல்தோவை உங்களுக்குப் பெயரால் தெரியாவிட்டாலும் அவர் கண்ணாடித் தம்ளரைப் பார்த்திருக்கலாம், அடியிலிருந்து மேல்வரை வளையம் வளையமாக இருக்கும். 1932-இல் வடிவமைத்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. அச்சில் அழுத்தி வார்க்கிற மலிவுக் கண்ணாடியில் விழும் குறைகளை அந்த வளையங்கள் மறைத்துவிடும். 1936 மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம். கணவரான கட்டிடக் கலைஞர் ஆல்வர் ஆல்தோவின் புகழில் மனைவியின் பங்கு ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்தது என்பது என் கட்சி.

ஓவியத்தில் பார்க்க வேண்டுமென்றால் அக்ஸெலி கல்லென் கல்லேலா 1891-இல் வரைந்த முப்பலகைப் படம் ஹெல்சிங்கியின் அதெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுப்பலகையில் ஐனோ தண்ணீருக்குள் துள்ளுகிறாள், படகில் கிழவர் கையை நீட்டுகிறார், பிடிபடவில்லை.

கே: இப்போதும் அந்தப் பெயரை வைக்கிறார்களா, அல்லது பாட்டிப் பெயரா? (மதுரை)

நடுவில் பாட்டிப் பெயராகத்தான் ஆனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கு பார்த்தாலும் ஐனோ, அப்புறம் பல பத்தாண்டுகள் ஆளில்லை. 2000-க்குப் பிறகு கொள்ளுப்பாட்டிப் பெயர்களைத் தூசி தட்டி எடுக்கிற பழக்கம் வந்ததும் ஐனோ மறுபடி பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. ஐனோ-கைசா, ஐனோ-மய்யா என்று கோடு போட்டு இணைப்பதும் உண்டு. பனிச்சறுக்கு பார்ப்பவர்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஐனோ-கைசா சாரினன் நினைவு வரலாம். வளைகுடா தாண்டி எஸ்தோனியாவிலும் புழக்கத்தில் உள்ள பெயர்.

கலேவலாவிலிருந்து வந்த மற்ற பெண் பெயர்களில் கில்லிக்கி, மியேலிக்கி, தெல்லெர்வோ, மர்யத்தா எல்லாம் உண்டு, ஆனால் அவை இன்று முதல் பெயராக அபூர்வம், இரண்டாம் பெயராகத்தான் ஒளிந்திருக்கும். ஒரு குழந்தைக்கு நான்கு பெயர் வரை வைக்கலாம் என்கிறது 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். பெயரைச் சடங்கு நாள் வரை வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள், தாத்தா பாட்டி கெஞ்சினாலும் கிடைக்காது.

கே: 'பெயர் நாள்' என்கிறார்களே, அது பிறந்தநாளா? (திருச்சி)

இல்லை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் அச்சாகியிருக்கும், அன்றைக்கு அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் வாழ்த்து. முன்பு புனிதர்களின் நாட்கள், 1908-இல் அந்தப் பட்டியலைத் திருத்தி ஃபின்னிஷ் பெயர்களால் நிரப்பினார்கள். இன்றும் பட்டியலைப் பராமரிப்பது ஹெல்சிங்கி பல்கலைக்கழகம். ஐனோவுக்கு மே 10. பரிசெல்லாம் பெரிதாக இல்லை, காபியும் ஏலக்காய் போட்ட இனிப்பு பன்னும் வைப்பார்கள்.

கே: கலேவலாவைத் தமிழில் படிக்க வழி உண்டா? (யாழ்ப்பாணம்)

உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரே செய்திருக்கிறார்! உதயணன் என்ற பெயரில் எழுதிய ஈழத்து எழுத்தாளர் இரா. சிவலிங்கம் பின்லாந்தில் வாழ்ந்தபோது முழுக் காவியத்தையும் தமிழ்ச் செய்யுளாகப் பெயர்த்தார், 1994-இல் ஹெல்சிங்கியில் வெளிவந்தது. மதுரைத் திட்டத்தில் மின்னூலாகவும் இருக்கிறது, காசு வேண்டாம். ஐனோவை மட்டும் படிக்க நினைத்தால் மூன்று, நான்கு, ஐந்தாம் பாடல்கள் போதும்.