வாசகர் கேள்வி பதில்: கல்லை விட கல்லு கிடந்த இடம் முக்கியம்

போன இதழ்ல அரவல்லியில வாழ்ந்த கற்கால மனுஷங்களை பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு டெல்லி வாசகர்கள்கிட்ட இருந்து நிறைய கேள்வி வந்திருக்கு. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: லீவுல பசங்களை கூட்டிட்டு ஃபரிதாபாத் பக்கம் அரவல்லி காட்டுல நடக்க போனோம். பெரியவன் பாதாம் பருப்பு ஷேப்ல ஒரு கல்லை எடுத்துட்டு வந்து ஆதிமனுஷன் கோடாரின்னு அடம் பிடிக்கிறான். எப்படி தெரிஞ்சுக்கிறது? (வாசகி, மயூர் விஹார்)

பதில்: பையனை திட்டாதீங்கம்மா, அந்த பக்கம் நிஜமாவே கிடைக்கும். சூரஜ்குண்ட் பக்கத்துல அனங்பூர்னு ஒரு ஊர் இருக்கு, 1990கள் தொடக்கத்துல அங்க தோண்டினப்போ பழைய கற்காலத்து கைக்கோடாரி, சில்லு எல்லாம் ஏராளமா வந்துச்சு. அதுக்கு முன்னாடியே 1980கள்ல தொல்லியல் ஆராய்ச்சியாளர்கள் திலீப் சக்ரவர்த்தியும் நயன்ஜோத் லாஹிரியும் டெல்லி, ஹரியானா பூரா நடந்து பார்த்து 40க்கும் மேல கற்கால இடங்களை கண்டுபிடிச்சிருக்காங்க. நாம சுல்தான் கட்டின கோட்டையை பார்த்துட்டு டெல்லி ரொம்ப பழைய ஊருன்னு சொல்றோம், அந்த கோட்டை நிக்கிற பாறைக்கு பக்கத்துலேயே உக்காந்து கல்லு செதுக்கினவங்க அதுக்கு பல லட்சம் வருஷம் முன்னாடி இருந்திருக்காங்க.

இப்ப கல்லுக்கு வருவோம். ஒரு கல்லால இன்னொரு கல்லோட விளிம்புல சரியான கோணத்துல அடிச்சா சில்லு தெறிக்கும். அந்த சில்லோட உள்பக்கத்துல அடி விழுந்த இடத்துக்கு கொஞ்சம் கீழ லேசா புடைச்சிருக்கும், விரலை வெச்சு தடவினாலே தெரியும், அதுல இருந்து வளையம் வளையமா அலை போகும். சில்லு கழண்ட கல்லுல அதே மாதிரி ஒரு பள்ளம் விழும். வெயில்ல வெடிச்சாலும் ஓடையில உருண்டு மோதினாலும் கல்லு உடையும்தான், ஆனா அது கண்டபடி உடையும். மனுஷன் செஞ்சதுன்னா பள்ளங்க ரெண்டு முகத்துலயும் விளிம்பை ஒட்டி வரிசையா வந்து, ஒரு நேரான கூரான ஓரத்தை உண்டாக்கியிருக்கும். பையன் கல்லை சாய்ஞ்ச வெளிச்சத்துல, சாயங்கால வெயில்ல புடிச்சு பாருங்க, பள்ளம் நல்லா தெரியும்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை கண்ணுல பட்டா எடுக்க வேண்டாம், பக்கத்துல ஒரு பேனாவை வெச்சு ஃபோட்டோ எடுத்து, ஃபோன்ல லொகேஷனை சேவ் பண்ணிட்டு கல்லை அங்கேயே விட்டுட்டு வந்து தொல்லியல் துறைக்கு ஒரு மெயில் போடுங்க. இப்ப எடுத்ததுக்கும் எந்த இடம்னு அவனுக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதி வெச்சு கல்லோட சேர்த்து அவங்ககிட்ட காட்டுங்க. இடம் தெரியாத கைக்கோடாரி ஷோகேஸ்ல வைக்க அழகா இருக்கும், ஆனா அதை வெச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது.

கேள்வி: கீழடியில செங்கல் சுவர் இருக்கு, உறைகிணறு இருக்கு, பானை இருக்கு, அதனால ஊருன்னு சொல்றாங்க. வேட்டையாடி சுத்தினவங்க எதையுமே கட்டலையே, அங்க தோண்டினா என்னதான் கிடைக்கும்? முகாம்னு எதை வெச்சு சொல்றாங்க? (ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம்)

பதில்: ரொம்ப நல்ல கேள்வி சார், விஷயமே இதுதான். கல்யாண வீட்ல பந்தி முடிஞ்ச உடனே, இலை எடுக்கிறதுக்கு முன்னாடி போய் பாருங்க. எங்க குழந்தைங்க உக்காந்தாங்க, யார் பாயசம் ரெண்டாவது தடவை வாங்கினாங்க, எந்த வரிசையில கடைசி பந்தியில சாம்பார் தீர்ந்து போச்சு, எல்லாத்தையும் இலையை பார்த்தே சொல்லிடலாம். அதே இலைகளை வாரி ஒரு மூலையில குவிச்சிட்டா சாப்பிட்டாங்கன்னு மட்டும்தான் சொல்ல முடியும். முகாமும் அப்படித்தான், அங்க கிடைக்கிறது எல்லாமே மிச்சம் மீதிதான், அது எங்க எங்க விழுந்து கிடக்குதுங்கிறதுல இருந்துதான் கதையை எடுக்கணும்.

முதல்ல தேடுறது அடுப்பு. தீ எரிஞ்ச இடத்துல மண்ணு சிவந்திருக்கும், கரித்துகள் இருக்கும், வெடிச்ச கல்லு இருக்கும். அடுப்பு கிடைச்சிட்டா அதை சுத்தி ஆள் உக்காந்த இடம் தானா வெளிய வரும், எப்படின்னா பொடி சில்லும் எலும்பு துணுக்கும் உக்காந்தவர் காலடியிலேயே விழுந்து கிடக்கும், பெரிய எலும்பை முதுகுக்கு பின்னாடி தூக்கி எறிஞ்சிருப்பாங்க. இது வெறும் யூகம் இல்லை, லூயிஸ் பின்ஃபோர்ட்ங்கிற அமெரிக்க தொல்லியல்காரர் அலாஸ்காவுல நுனாமியுட் வேட்டைக்காரங்க கூடவே இருந்து, அடுப்பை சுத்தி உக்காந்தவங்க என்னத்தை எங்க போட்டாங்கன்னு பார்த்து வரைபடமா போட்டு வெச்சது.

பாரிஸுக்கு தெற்கே சேன் ஆத்தங்கரையில பான்ஸ்வான்னு ஒரு இடம், 1964ல கண்டுபிடிச்சாங்க. கலைமான் வேட்டைக்காரங்க சுமார் 14,000 வருஷத்துக்கு முன்னாடி வந்து தங்கின இடம். அங்க லெருவா-குரான்ங்கிற பிரெஞ்சு தொல்லியல்காரர் குழி குழியா ஆழமா வெட்டாம, ஆளுங்க நடந்த தரையை அப்படியே மேல இருந்து பாய் விரிச்ச அகலத்துக்கு திறந்தார், ஒரு எலும்பை கூட நகர்த்தாம. அதனால பின்னாடி வந்தவங்க ஒரு அருமையான காரியம் பண்ண முடிஞ்சுது. ஒரே மானோட இடது பக்க எலும்பு ஒரு அடுப்புகிட்டயும் அதோட ஜோடி வலது பக்க எலும்பு இன்னொரு அடுப்புகிட்டயும் கிடந்ததை அளந்து பார்த்து பொருத்தினாங்க. அப்படின்னா என்ன? ஒருத்தர் கொண்டு வந்த மானை அடுப்புக்கு அடுப்பு பங்கு போட்டு சாப்பிட்டிருக்காங்க. ஒரு எழுத்து கிடையாது, ஒரு சுவர் கிடையாது, ரெண்டு எலும்பு கிடந்த இடத்தை வெச்சு பக்கத்து வீட்டுக்கு பங்கு அனுப்பினதை தெரிஞ்சுக்கிறோம். எனக்கு இதை விட பெரிய புதையல் எதுவும் தோணலை.

நம்ம நாட்டுல கங்கை சமவெளியில, உத்தரப் பிரதேசத்து பிரதாப்கர் மாவட்டத்துல சராய் நாஹர் ராய்னு ஒரு இடம் இருக்கு. 1970கள்ல அலகாபாத் யுனிவர்சிட்டி தோண்டினது. அடுப்புகள், பந்தல்கால் நட்ட குழிகளோட ஒரு தரை, தங்கின இடத்துலேயே புதைச்ச மனுஷங்க. அதுல ஒருத்தரோட விலா எலும்புல ஒரு சின்ன கல் அம்புமுனை குத்தினபடியே இருந்துச்சு. அந்த சமவெளி பூரா வண்டல், கருவி செய்ய கல்லு கிடையாது, எல்லாம் தெற்கே விந்திய மலையில இருந்து சுமந்து வந்தது. ஒவ்வொரு சில்லும் அவங்களுக்கு எவ்வளவு பெறுமானம்னு அப்ப புரியும்.

கேள்வி: ஏன் பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா தோண்டுறாங்க? ஜேசிபி விட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிடாதா? (வாசகர், கரோல் பாக்)

பதில்: முடிஞ்சிடும், எல்லாமே முடிஞ்சிடும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கயிறு கட்டி, மேஸ்திரி கரண்டி மாதிரி சின்ன கரண்டியால சுரண்டி, வெளிய தெரியுற ஒவ்வொரு துண்டுக்கும் டோட்டல் ஸ்டேஷன்ங்கிற சர்வே கருவியை வெச்சு நீளம் அகலம் ஆழம் மூணையும் குறிச்ச பிறகுதான் அதை எடுப்பாங்க. எடுத்த மண்ணையும் கொட்ட மாட்டாங்க, சல்லடையில தண்ணி விட்டு அலசுவாங்க, ஏன்னா மீன் முள்ளு, கருகின விதை, நகக்கண்ணு அளவு சில்லு எல்லாம் அதுலதான் மாட்டும். தோண்டுறதுன்னாலே அந்த இடத்தை அழிக்கிறதுதான், ஒரு தடவைதான் முடியும். அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க பாதி இடத்தை தொடாமலே விட்டு வைப்பாங்க, நாளைக்கு நல்ல கருவியோட வர்றவங்களுக்கு. அரவல்லியில குவாரிக்காரங்க வெடி வெச்சு தூக்கின மலையில எத்தனை முகாம் க்ரஷருக்கு போச்சோ, நினைச்சாலே வயிறு எரியுது.

கேள்வி: எழுத்து இல்லாத காலத்துக்கு வருஷம் எப்படி சொல்றாங்க? (மாணவி, முனிர்கா)

பதில்: அடுப்புக்கரி இருந்தா அதுல கார்பன் 14 எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்து வயசை சொல்லிடுவாங்க, ஆனா அது சுமார் 50,000 வருஷத்தை தாண்டாது. அதுக்கு மேல போனா மணலையே கேப்பாங்கம்மா. மணல் துகள் கடைசியா எப்ப வெயிலை பார்த்துச்சுன்னு அளக்கிற முறை இருக்கு, வெயில் பட்டா துகளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்திருந்த சக்தி அழிஞ்சிடும், மூடின பிறகு மறுபடி சேர ஆரம்பிக்கும், அதனால சாம்பிளை இருட்டுலேயே குழாய்ல அடைச்சு எடுத்துட்டு போவாங்க. சில இடத்துல இயற்கையே தேதி போட்டு வெச்சிருக்கு. கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்துல சுமத்ராவோட தோபா எரிமலை சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி கக்கின சாம்பல் படிஞ்சு கிடக்கு, அதுக்கு கீழயும் கல்கருவி, மேலயும் கல்கருவி.

கேள்வி: நம்ம தமிழ்நாட்டுல? (பல வாசகர்கள்)

பதில்: இந்தியாவுல இந்த ஆராய்ச்சி ஆரம்பிச்சதே நம்ம ஊர்லதான். 1863 மே 30, ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற பிரிட்டிஷ் ஜியாலஜிஸ்ட் பல்லாவரத்துல ஒரு சரளைக்குழியில கைக்கோடாரியை கண்டெடுத்தார். அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துலயும் கல்கருவி கிடைச்சுது. அங்க தொல்லியல் ஆராய்ச்சியாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல வருஷம் பொறுமையா தோண்டி, அடியில இருக்கிற கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க. தூத்துக்குடி பக்கம் போறவங்க சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரியை பாருங்க, அந்த செம்மணல்ல நுண்கற்கருவி நிறைய கிடைச்சிருக்கு, விரல் நகம் சைஸ், கடலோரத்துல வேட்டையாடி மீன் பிடிச்சு வாழ்ந்தவங்களோடது. தேரி மணலை லாரி லாரியா அள்ளினா இதுவும் சேர்ந்துதான் போகும்.

கேள்வி: என் பொண்ணு இதைத்தான் படிப்பேன்னு நிக்குறா. எங்க சேர்க்கலாம்? (வாசகி, ஜனக்புரி)

பதில்: தாராளமா சேர்த்து விடுங்க. புனே டெக்கான் காலேஜ்ல தொல்லியல் எம்.ஏ. இருக்கு, கற்கால ஆராய்ச்சிக்கு நாட்டுலேயே பேர் போன இடம். எம்.ஏ. முடிச்சிட்டு தொல்லியல் துறையோட டிப்ளமோவுக்கு கிரேட்டர் நொய்டாவுல இன்ஸ்டிட்யூட் இருக்கு, உங்களுக்கு பக்கம். டிகிரியில ஜியாலஜி எடுத்தா ரொம்ப உதவும், ஆறு எப்படி மண்ணை கொண்டு வந்து போட்டுச்சுன்னு தெரியாம முகாமை படிக்க முடியாது. வெயில்ல குனிஞ்சு உக்காந்து நாள் பூரா வேலை செய்யணும், அதையும் இப்பவே சொல்லிடுங்க. வர்ற நவம்பர்ல குளிர் ஆரம்பிச்சதும் அவளை அனங்பூர் பக்கம் ஒரு தடவை கூட்டிட்டு போய் காட்டுங்க.