நாய் கடித்தால் முதல் ஓட்டம் குழாயடிக்கு

மிஸ்ஸியிடம் கேளுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை நாய்க்கடி பற்றி மட்டும் ஒரு கட்டு வந்திருக்கிறது. அதனால் மூட்டுவலியையும் சர்க்கரையையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸி அக்கா, டிசம்பரில் பிள்ளைகளை முதல் தடவையாக மாமியார் ஊருக்குக் கூட்டிப் போகிறோம். பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. இங்கே புளோக்குக்குக் கீழே வரும் நாய்களையெல்லாம் தடவிக் கொடுத்துப் பழகியவர்கள். அங்கே தெருவுக்குப் பத்து நாய் இருக்குமாம். 'நாங்களெல்லாம் அதுகளோடுதானே வளர்ந்தோம்' என்கிறார் கணவர். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முன்கூட்டியே ஊசி போட வேண்டுமா? கடித்துவிட்டால் என்ன செய்வது? — ஈசூன் வாசகி

தங்கச்சி, உங்கள் கணவர் அந்த நாய்களோடு வளர்ந்தவர். எந்த நாயைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று அவர் காலுக்கே தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் கிடையாது. எழுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பயமே இல்லாமல் வாழ்ந்துவிட்டோம். நல்லதுதான். ஆனால் திருச்சியில் விமானம் இறங்கும்போது நம் பிள்ளைகள் அந்தப் பயமின்மையையும் கூடவே கொண்டுபோய் இறக்குகிறார்கள்.

நானும் சிங்கப்பூரில் பிறந்தவள்தான். 1966இல், எட்டு வயதில், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் பாட்டி வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தேன். எதிர்வீட்டுப் பையனுக்கு என்னைவிட மூன்று வயது கூடுதல். வைக்கோல் போருக்குள் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கப் போனபோது விரலில் பல் பட்டது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். ஒரு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. நாலைந்து நாளில் அந்தக் குட்டி செத்துப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். ஆறிப்போன அந்த விரல் குறுகுறுக்கிறது என்றான். காய்ச்சல் வந்தது. அப்புறம் அவன் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போதே தொண்டை இறுகிச் சொம்பைத் தட்டிவிட்டான். பனையோலை விசிறியால் வீசினார்கள். அந்தக் காற்றுக்கே உடம்பு தூக்கிப்போட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டான். பிறகு நாற்பது வருஷம் நர்ஸாக இருந்து எத்தனையோ சாவுகளைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர்ச் சொம்பை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த நோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறிகுறி வருவதற்கு முன்னால் தடுத்துவிடலாம். கடித்த இடத்திலிருந்து கிருமி இரத்தத்தில் ஓடுவதில்லை, நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் வழி குட்டை, நேரமும் குறைவு. அந்த இடைவெளியில்தான் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

முதலில் குழாயடி. கடித்த உடனே, யாருக்கும் போன் போடுவதற்கு முன்னால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கழுவும்போது அது ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல் சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். துணி துவைக்கும் சோப்பானாலும் சரி. கழுவிய பிறகு அயோடின் மருந்து இருந்தால் தடவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். யாராவது உடனே தையல் போட வந்தால், முதலில் நாய்க்கடிக்கான சீரம் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அன்றைக்கே ஊசி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடுகிறார்கள். இரத்தம் வந்திருந்தால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற சீரத்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலையைத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவலுக்கு நிற்பது இந்தச் சீரம்தான். புண்ணில் ஊசி போட்டால் வலிக்கும். பிள்ளை கத்தும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2011இல் ஊருக்குப் போயிருந்தபோது என் கெண்டைக்காலிலேயே ஒரு நாய் கடித்தது. ஒரு தனியார் கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி ஒன்றைப் போட்டு, 'ஆச்சும்மா, போகலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். நான் நர்ஸ் என்பதால் அது வேறு, இது வேறு என்று தெரியும். வேறு இடம் தேடிப் போய்ப் போட்டுக்கொண்டேன். தெரியாதவர்கள் 'ஊசி போட்டாச்சு' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் 'ரேபிஸ் ஊசியா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டில் மருந்தின் பெயரும் தேதியும் எழுதி வாங்குங்கள்.

'இன்னும் நாலு நாளில் சிங்கப்பூர் போய்விடுவோமே, அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் வார்டில் இருந்தபோது, கடிபட்டுப் பதினோரு நாள் கழித்து வந்தார் ஒருவர். பயணச்சீட்டை மாற்ற மனமில்லாமல், ஆறட்டும் என்று இருந்துவிட்டார். தாமதமானாலும் ஊசியைத் தொடங்கினோம், பிழைத்தார். ஆனால் அந்தப் பதினோரு நாளும் தன் உயிரை வைத்து விளையாடியிருக்கிறார். முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு மிச்சத்தை இங்கே தொடரலாம். சீட்டைத் தொலைக்காமல் கொண்டுவந்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே போடுவது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் போடச் சொல்வேன். ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஏற்றுக்கொண்டது. போட்டிருந்தால், பிறகு கடித்தாலும் சீரம் தேவைப்படாது, இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். கிராமத்தில் ஊசி கிடைத்தாலும் சீரம் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதை நினைத்தால் இது பெரிய பாதுகாப்பு. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே பயணத் தடுப்பூசி போடும் கிளினிக்கில் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: முன்னால் போட்டுக்கொண்டாலும் கடித்தால் குழாயடிக்கும் போக வேண்டும், அந்த இரண்டு ஊசியையும் போட வேண்டும்.

உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குக் கீழே. ஏன் பிள்ளைகள்? உயரம் குறைவு என்பதால் முகத்தில் கடிபடுகிறார்கள். அதோடு, திட்டு விழும் என்று சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போதே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: 'நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் பிராண்டினாலும் உடனே அம்மாவிடம் சொல். நீயே போய்ச் சீண்டியிருந்தாலும் திட்டமாட்டேன்.' சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். சாப்பிடும் நாய், குட்டி போட்ட நாய், தூங்கும் நாய் பக்கம் போகக் கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டு ஹாலிலேயே நாலு தடவை செய்து பழக்குங்கள். என் பேரப்பிள்ளைகளை நான் அப்படித்தான் பழக்கினேன்.

ஜோகூரிலிருந்து ஒருவர் பூடில் குட்டியைப் பாதி விலைக்குக் காரில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். எல்லா ஊசியும் போட்டாச்சு என்கிறார். வாங்கலாமா? — உட்லண்ட்ஸ் வாசகர்

வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் பிராணியைக் கொண்டுவருவது குற்றம். அபராதம், சிறை இரண்டும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்த நோய் தலைகாட்டியது. 2017இலிருந்து சரவாக்கில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். வெளிநாட்டு நாய்களுக்குத் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைக் காப்பு என்று நாம் வைத்திருக்கும் சட்டதிட்டம்தான் இந்தத் தீவின் வேலி. சின்னக் குட்டிக்கு ஊசி போட்டாச்சு என்ற வாய் வார்த்தையை நம்பி அந்த வேலியில் ஓட்டை போடலாமா? காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்கலாமே.

எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'எல்லாத் தெருநாயையும் ஒழித்தால்தான் விடிவு' என்று ஒரே சண்டை. உங்கள் கருத்து? — தோ பாயோ வாசகர்

கடிபட்ட பிள்ளையைப் பெற்றவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் கொன்று தீர்த்ததால் இந்த நோய் போகவில்லை. பாலியைப் பாருங்கள். 2008 வரை அங்கே இந்த நோயே கிடையாது. வந்த பிறகு நாய்களைக் கொன்றார்கள். நோயோ தீவு முழுக்கப் பரவியது. கொல்ல வருகிறார்கள் என்றால் ஆட்கள் தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள், நோயும் கூடவே போகும். ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகும். காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய் வரும்.

ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். வருஷாவருஷம் போட வேண்டும், ஏனென்றால் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். கருத்தடையும் கூடவே நடக்க வேண்டும். கோவாவில் இப்படி விடாமல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் கோயில் திருவிழாவுக்கு எத்தனை வெள்ளி வசூலிக்கிறீர்கள்? அதில் ஒரு சின்னப் பங்கை ஊராட்சியோடு பேசி நாய்த் தடுப்பூசி முகாமுக்குக் கொடுங்கள். இறைச்சிக் கடைக் கழிவைத் தெருவில் கொட்டாமல் இருக்க ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். இதைச் சண்டை போடும் ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிஸ்டர், நான் கிராஞ்சியில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். நான்கு நாள் முன்னால் வீட்டு நாயே பல்லால் கீறிவிட்டது, லேசாக இரத்தம் வந்தது. நாய் நன்றாகத்தான் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா பயப்படுகிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். என்ன செய்யட்டும்? — கிராஞ்சி வாசகர்

இந்தத் தம்பியின் மின்னஞ்சலைப் பார்த்ததும் இதழ் வெளிவரும்வரை காத்திருக்க முடியாது என்று, அன்றைக்கே அவர் எண்ணுக்குப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் பேசியதை எழுதுகிறேன்.

கர்ப்பிணிக்கு இந்த ஊசி போடலாம், சீரமும் போடலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது தவறு. போடாமல் விட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. தொப்புள் ஊசி அந்தக் காலம். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது, இந்தியாவில் 2005க்குள் கைவிடப்பட்டது. அம்மா பார்த்து வளர்ந்தது அதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது அரசு மருத்துவமனையில் இரண்டு கையிலும் தோலுக்குள் சின்னதாகப் போடுகிறார்கள். 0, 3, 7, 28ஆம் நாட்கள். முதல் ஊசி போடும் நாளுக்குத்தான் 0 என்று பெயர்.

நாய் நன்றாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். கடித்ததிலிருந்து பத்து நாள் அது நல்லபடியாக உயிரோடு இருந்தால், மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார். கயிறு கையில் இருக்கட்டும், அம்மா மனசு அதில் இருக்கிறது. கூடவே ஊசியும் போடட்டும் என்றேன்.

அன்று மாலையே மாமனார் கூட்டிப் போயிருக்கிறார். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருந்தது, சீரம் இல்லை. மறுநாள் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டார்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் சீரம் போட வேண்டும் என்று நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனாராம்.

போன வாரம் தம்பி கூப்பிட்டார். கடித்த ஏழாம் நாளிலிருந்து அந்த நாய் வீட்டுக்கு வரவேயில்லையாம். ஆகவே நிறுத்துவது பற்றிப் பேச்சே இல்லை. மூன்று ஊசி முடிந்துவிட்டது. நாலாவது இந்த மாதம் 19ஆம் தேதி. அன்றைக்கு ஊருக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்த, விடுதியில் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாராம்.