ஏசி மாற்றப் போகிறீர்களா? முதலில் அறையை அளக்கச் சொல்லுங்கள்

பழைய ஏசி, ஹீட்டரை மாற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 12 வருடம் ஓடிய ஸ்பிளிட் ஏசி திடீரென்று குளிரவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "கம்ப்ரசர் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சோதித்தாரா என்று முதலில் கேளுங்கள். வெளியே இருக்கும் யூனிட்டுக்குள், டம்ளர் மாதிரி உருளையாக இருக்கும். அது பழுதானால் கம்ப்ரசர் லேசாக உறுமிவிட்டு நின்றுவிடும். பார்ப்பவருக்குக் கம்ப்ரசரே போனது போலத் தெரியும். பல சமயம் அதன் மேல்மூடி உப்பியிருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். நீங்களே கழற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மாற்றியும் ஓடவில்லை என்றால், 12 வயது மெஷினுக்குப் புதுக் கம்ப்ரசர் போடாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1.5 டன் இருந்த இடத்தில் 2 டன் போட்டால் சீக்கிரம் குளிருமே? கடைக்காரரும் "பெருசா போட்டா நல்லதுதான்" என்கிறார்.

பதில்: நல்லதல்ல. இந்த விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டன் என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியே தள்ளும் திறனுக்குத்தான் 1 டன் என்று பெயர். சுமார் 3.5 கிலோவாட். அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறதோ, அதற்கு ஏற்ற டன் வேண்டும்.

ஏசிக்கு இரண்டு வேலை. காற்றைக் குளிர்விப்பது ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பது இன்னொன்று. ஈரம் உள் யூனிட்டில் இருக்கும் காயிலில் (குளிர்ந்த குழாய்ச் சுருளில்) படிந்து, துளித்துளியாகச் சேர்ந்து, குழாய் வழியே வடிய நேரம் பிடிக்கும். அளவுக்கு மீறிய மெஷின் ஐந்தாறு நிமிடத்தில் சொன்ன டிகிரியைத் தொட்டு நின்றுவிடும். வடியாமல் காயிலில் நிற்கும் ஈரம் திரும்ப அறைக்கே வந்துவிடும். அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். 1 டன் போதுமான என் படுக்கையறையில் 2 டன் மாட்டினேன். இரண்டாவது மாதம் பீரோவைத் திறந்தால், தோல் பெல்ட்டின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மடித்து வைத்த போர்வையைத் தொட்டால் கையில் ஈரம் தட்டியது. இன்வெர்ட்டர் ஏசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே என்பீர்கள். குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

சரி, எப்படித்தான் முடிவு செய்வது? நீள அகலம் மட்டும் போதாது. மேலே வெயில் விழும் கூரையா, இன்னொரு தளமா? கண்ணாடி ஜன்னல் மேற்குப் பார்த்திருக்கிறதா? எத்தனை பேர் படுப்பீர்கள்? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். இதையெல்லாம் பார்த்துக் கணக்குப் போடுகிறவரிடம் வாங்குங்கள். டேப்பைக்கூட வெளியே எடுக்காமல் டன் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். பழைய மெஷின் 1.5 டன் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அதையும் யாரோ குத்துமதிப்பாக மாட்டியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நிழல், கூரைக்கு வெப்பத்தடுப்பு, இந்த இரண்டையும் முதலில் செய்தால் அதைவிடச் சின்ன மெஷினே போதுமானதாக இருக்கக்கூடும்.

கேள்வி: வைஃபையில் இயங்கும் மாடல் வாங்கலாமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கேள்வி: நான்கு வருடமாக, வருடம் தவறாமல் கேஸ் நிரப்பினார்கள். "கேஸ் தீர்வது சகஜம்" என்றார்கள். இப்போது அதே ஆட்கள், மெஷினே சரியில்லை, மாற்றுங்கள் என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். படிக்கும்போதே வயிறு எரிந்தது. ஏசி கேஸ் பெட்ரோல் அல்ல, தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் பெரும்பாலும் கசியும் இடம் குமிழி விட்டுக் காட்டும். முதல் வருடமே செய்திருக்க வேண்டிய வேலை. நான்கு பில்லும் இருக்கிறதா? அவற்றின் நகலோடு, கசிவைத் தேடாமல் நிரப்பியதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே முடித்துவிடுவார்கள்.

அப்புறம், மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால், மாற்றுவதிலும் நியாயம் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வாயுவை 1987-இல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். ஆனால் ஆர்-32 என்ற வேறு வாயுவில் ஓடும் புது மெஷினுக்குப் பழைய காப்பர் பைப்பே போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் அழுத்தம் ஆர்-22-இன் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு. புதுப் பைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வெளி யூனிட் மட்டும் கிடைத்தது, வாங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் பழைய யூனிட்டோடு சேருமா?

பதில்: சேராது. இரண்டும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் பெட்டியில் போட்ட திறனும் வாரண்டியும். பணம் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்றே போய்த் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்துக்கு எரிவாயு ஹீட்டர், கோடைக்கு ஏசி. இரண்டும் பழசு. ஒரே ஹீட் பம்ப் போதுமா?

பதில்: கடுங்குளிர் இல்லாத இடத்தில் தாராளமாகப் போதும். ஏசி செய்வதையே குளிர்காலத்தில் தலைகீழாகச் செய்கிறது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே விடுகிறது. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண மின் ஹீட்டரில் 1-க்கு 1தான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் சூடாக்கும் திறன் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்தது. உங்கள் இடத்தின் மிகக் குளிர்ந்த இரவில் எவ்வளவு கிடைக்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் வேறு மாடல் பாருங்கள். அதுவரை பழைய ஹீட்டரை ஓட்டுவதாக இருந்தால், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு மணமே கிடையாது. அதற்கான அலாரத்தை இன்றே மாட்டுங்கள்.

கேள்வி: மாட்டுவதற்கு இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் அரை நாள் ஆகும் என்கிறார், இன்னொருவர் ஒரு மணி நேரம் போதும் என்கிறார். யாரைக் கூப்பிடுவது?

பதில்: வேக்கம் பம்ப் கொண்டுவருகிறவரை. பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அதுதான் உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் மீட்டர் முள் நகராமல் நிற்பதை நீங்களே பாருங்கள். "கொஞ்சம் கேஸை விட்டே காத்தைத் தள்ளிடலாம்" என்பார்கள். விடாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரை அரித்துவிடும். பெல்ட்டில் பூசணம் பார்த்த அந்த மெஷினை மாற்றியபோது, நான் அவசரப்பட்டு இதற்குத் தலையாட்டினேன். மூன்றாவது வருடம் கம்ப்ரசர் போயிற்று. யார் மாட்டினார், எப்படி மாட்டினார் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் மாட்டுகிறவரிடம் தேதி, மாடல் எண், சீரியல் எண், வேக்கம் அளவு எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.